பிரபுவின் வீடு, முத்திரை அலுவலகம், ஜவுளிக் கிடங்கு, கடைவீதி: டப்ளின் பவர்ஸ்கோர்ட் டவுன்ஹவுஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், கிராஃப்டன் தெருவின் நெரிசலிலிருந்து சில நிமிட நடையில் சவுத் வில்லியம் தெரு இருக்கிறது. அங்கே 59ஆம் எண் கட்டடம்தான் பவர்ஸ்கோர்ட் டவுன்ஹவுஸ். கட்டி 250 ஆண்டுகள் கடந்துவிட்டன. இப்போது அதனுள் நகைக்கடைகள், பழம்பொருள் கடைகள், துணிக்கடைகள், காபிக் கடைகள் நடக்கின்றன. டப்ளினுக்குப் போகிறவர்களும் கட்டடக்கலை மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் விருப்பு வெறுப்பும் ஊடே கலந்திருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழகான தோட்டங்களும் நீரூற்றும் உள்ள பவர்ஸ்கோர்ட் இதுதானா?

இல்லை. படங்களில் பார்க்கும் அந்தத் தோட்டம் டப்ளினுக்குத் தெற்கே, விக்லோ மலையடிவாரத்தில் என்னிஸ்கெரி என்ற ஊரில் இருக்கிறது. அங்குள்ள மாளிகையை 1730களில் ரிச்சர்ட் காசல்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். 1974இல் தீப்பிடித்து அதன் உட்பகுதி எரிந்துபோனது. விங்ஃபீல்ட் குடும்பத்தின் கிராமத்து மாளிகை அது. நாம் பேசுவது அதே குடும்பத்தின் நகர வீட்டைப் பற்றி. பஸ் ஏறுவதற்கு முன் எந்த பவர்ஸ்கோர்ட் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கிராமத்தில் அவ்வளவு பெரிய மாளிகை இருக்க, நகரத்தில் இன்னொன்று எதற்கு?

நாடாளுமன்றத்துக்காக. 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக்குத் தனியாக நாடாளுமன்றம் இருந்தது. காலேஜ் கிரீனில் இருந்த அதன் கட்டடம் இந்த வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். கூட்டத்தொடர் நடக்கும் மாதங்களில் பிரபுக்கள் குடும்பத்தோடு டப்ளினுக்கு வந்து தங்குவார்கள். அவையில் வாக்களிப்பதோடு வேலை முடிந்துவிடாது. மகளுக்கு வரன் பார்க்க வேண்டும், வழக்குகளைக் கவனிக்க வேண்டும், கடன்காரர்களைச் சமாளிக்க வேண்டும், விருந்து கொடுக்க வேண்டும், பிறர் கொடுக்கும் விருந்துக்குப் போக வேண்டும்.

ஆகவே இத்தகைய வீடு வசிப்பதற்காக என்பதைவிட, நாலு பேர் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டது என்பதே சரி. வாசல் கூடம், படிக்கட்டு, விருந்தறை, முதல் மாடியில் இசை அறை, நடனக்கூடம் என்று விருந்தினர் நடந்து செல்லும் வழியெல்லாம் செலவு கொட்டப்பட்டிருக்கிறது. இதைக் கட்டியவர் மூன்றாம் வைகவுண்ட் (பிரபுப் பட்டங்களில் ஒன்று) பவர்ஸ்கோர்ட் ரிச்சர்ட் விங்ஃபீல்ட். ஐரோப்பியப் பயணம் முடித்துப் பாரிஸின் புது மோஸ்தர் உடைகளோடு ஊர் திரும்பியவர் என்பதால் ‘பிரெஞ்சு பிரபு’ என்று பட்டப்பெயர். 1788இல் அவர் இறந்தபோது உடல் இந்த வீட்டில்தான் இரண்டு நாள் வைக்கப்பட்டது. பொதுமக்களும் உள்ளே வந்து அஞ்சலி செலுத்த அனுமதிக்கப்பட்டார்கள். ஊரார் சர்வசாதாரணமாக உள்ளே நுழையும் வழக்கம் கடைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஜார்ஜிய பாணி என்பது என்ன?

1714 முதல் 1830 வரை பிரிட்டனையும் அயர்லாந்தையும் அடுத்தடுத்து ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களின் காலத்துக் கட்டடங்களுக்குப் பொதுவாக வைத்த பெயர். ஜார்ஜியா நாட்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலம் என்பதால் அதற்குள் பல ரசனைகள் வந்து போயின. ஆனால் அடித்தளம் ஒன்றுதான்: 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் வீச்சென்சா நகரில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் பல்லாடியோ பழைய ரோமானியக் கட்டடங்களை அளந்து வகுத்துத் தந்த அளவு முறைகள்.

டப்ளினில் இதைப் படிக்க எளிய வழி ஜன்னல்களைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டு போவது. முதல் மாடி ஜன்னல்கள்தான் உயரமானவை. விருந்தினர் அறைகள் அங்கே. அதற்கு மேலே போகப் போக ஜன்னல் குட்டையாகும். கடைசி மாடியில் கிட்டத்தட்டச் சதுரம். பிள்ளைகளும் வேலைக்காரர்களும் அங்கே படுத்தார்கள். அடுக்களையும் சரக்கறையும் நிலவறையில். யார் எங்கே இருந்தார்கள் என்பதைத் தெருவில் நின்றபடியே சொல்லிவிடலாம். கூரை கண்ணில் படக் கூடாது. கைப்பிடிச் சுவர் ஒன்று அதை மறைத்துவிடும். ஜன்னல்கள் கதவுபோல வெளியே திறப்பவை அல்ல, மேலும் கீழும் வழுக்கி நகர்பவை. சட்டத்துக்குள் மறைந்திருக்கும் இரும்பு எடைக்குண்டுகள் கயிற்றில் தொங்கி அவற்றைத் தாங்கும்.

டப்ளின் என்றால் வண்ணக் கதவு வைத்த செங்கல் வீடுகள்தானே நினைவுக்கு வரும்? இது அப்படி இல்லையே?

உண்மைதான். மெரியன் சதுக்கத்திலும் ஃபிட்ஸ்வில்லியம் சதுக்கத்திலும் வரிசையாக நிற்கும் வீடுகள் செங்கல்லால் ஆனவை. சுவரோடு சுவர் ஒட்டியவை. முகப்பில் ஆடம்பரம் கிடையாது. அலங்காரமெல்லாம் கதவைச் சுற்றித்தான்: இரண்டு தூண், மேலே விசிறி வடிவக் கண்ணாடி, பளிச்சென்ற வண்ணம். மனை வாங்கி வரிசையாகக் கட்டி விற்றவர்களின் வீடுகள் அவை. ஓரளவு வசதியுள்ள வழக்கறிஞரோ மருத்துவரோ வாங்க முடிந்தது.

பவர்ஸ்கோர்ட் வீடு அந்த இனமே அல்ல. இது ஒரு பிரபு தனக்கென்று கட்டிக்கொண்ட கல் மாளிகை. டப்ளினில் இப்படிப்பட்டவை சிலவே எழுந்தன. 1740களில் கட்டிய லெய்ன்ஸ்டர் மாளிகை அவற்றில் பெரியது. அதில்தான் இப்போது அயர்லாந்து நாடாளுமன்றம் கூடுகிறது. ஆனால் லெய்ன்ஸ்டர் மாளிகைக்கு முன்னால் பெரிய முற்றம் இருக்கிறது. தள்ளி நின்று பார்க்கலாம். பவர்ஸ்கோர்ட் வீடோ குறுகலான தெருவில் ஓரத்தை ஒட்டி நிற்கிறது. அவ்வளவு பெரிய முகப்பை அவ்வளவு சின்னத் தெருவில் வைத்தது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே தோன்றும்.

அப்படியானால் முகப்பை எங்கிருந்து பார்ப்பது?

எதிரே காசில் மார்க்கெட் என்றொரு சிறு சந்து சவுத் வில்லியம் தெருவில் வந்து சேர்கிறது. அதற்குள் பின்வாங்கிப் போய்த் திரும்பிப் பாருங்கள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிதான் மிச்சம்.

சந்திலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது முகப்பின் அகலம். நடுவில் வாசல், அதன் நேர் மேலே, நடுப்பகுதி வளைந்தும் இரு பக்கமும் தட்டையாகவும் மூன்றாகப் பிரிந்த ஜன்னல். பல்லாடியோ வழிவந்தவர்களுக்கு மிகவும் பிடித்த ஜன்னல் அது. அதற்கு மேலே முக்கோண முகடு. முகடோடு முகப்பு முடிந்திருக்க வேண்டும், இலக்கணப்படி. இங்கே முடியவில்லை. முகட்டுக்குப் பின்னால் பெட்டி போன்ற கனத்த மேல்மாடம் ஒன்று எழும்பி நிற்கிறது. அதன் இரு பக்கமும் பெரிய கற்சுருள்கள் முட்டுக் கொடுத்திருக்கின்றன. வைகவுண்ட் அங்கே ஏறி டப்ளின் விரிகுடாவைப் பார்ப்பார் என்று சொல்வார்கள். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் எழுந்து நிற்பதுபோல் அது துருத்திக்கொண்டிருக்கிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் இந்த மேல்மாடத்தைக் குறை சொல்வது வழக்கம். குறையில் நியாயம் உண்டு. ஆனால் அதை எடுத்துவிட்டால் இந்த வீட்டை நினைவில் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டால் நான் தடுமாறுவேன்.

கடைசியாக, வீட்டின் இரு கோடியிலும் உள்ள வளைவு வாசல்களைப் பாருங்கள். ஒன்று அடுக்களைப் பக்கம் போவதற்கு, மற்றது குதிரை லாயத்துக்கு. காய்கறிக் கூடையும் சாணி வண்டியும் போகிற வழிதான் என்றாலும் கட்டியவர் அவற்றுக்கும் முழு மரியாதை கொடுத்துக் கல்லிலேயே அமைத்தார். முகப்பை இன்னும் அகலமாகக் காட்டுவதும் அவைதான்.

முகப்பு முழுவதும் கருங்கல்லா?

ஆமாம், விக்லோ மலைக் கருங்கல். பவர்ஸ்கோர்ட் குடும்பத்தின் சொந்த நிலத்தில் வெட்டிக் கொண்டுவந்தது. அயர்லாந்தில் அது பெரிய வசதி. அக்காலத்தில் நுணுக்கமான கல்வேலை வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து போர்ட்லாண்ட் சுண்ணாம்புக் கல்லைக் கப்பலில் வரவழைப்பார்கள். டப்ளின் சுங்க மாளிகையில் இருப்பது அந்தக் கல்தான்.

சுண்ணாம்புக் கல்லில் இலை நரம்பைக்கூடச் செதுக்கலாம். விக்லோ கருங்கல் அதற்கு இடம் கொடுக்காது. அதன் துகள்கள் பெரியவை, உளி பட்டால் விளிம்பு பொரிந்து உதிரும். அதனால் கல்தச்சர்கள் நுணுக்கத்தை விட்டுவிட்டு உருண்டு திரண்ட பெரிய வடிவங்களையே செதுக்கினார்கள். மேல்மாடத்தின் அந்தச் சுருள்கள் அவ்வளவு பருமனாக இருப்பதற்கு ரசனை மட்டும் காரணம் அல்ல, கல்லும் காரணம். மழை பெய்து வெயிலடிக்கும்போது சுவரருகே போய்ப் பாருங்கள். தூரத்தில் வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்த கல்லில் அப்ரகத் துணுக்குகள் பொடிப்பொடியாக மின்னும். டப்ளினில் மழைக்குப் பஞ்சமில்லை. வெயிலுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

கட்டடக் கலைஞர் யார்?

ராபர்ட் மாக். கட்டுமானம் 1771இல் தொடங்கி 1774இல் முடிந்தது. மாக் கல்வேலைக்காரராக இருந்து கட்டடக் கலைஞரானவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு முகப்பைப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். காகிதத்தில் கோடு போட்டுப் பழகிய கை அல்ல அது. கல்லின் எடையை அறிந்த கை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1770களில் இந்த முகப்பு ஏற்கெனவே பழைய பாணி. லண்டனில் ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் மெல்லிய, தட்டையான, நளினமான அலங்காரங்களைப் பரப்பிக்கொண்டிருந்த நேரம் அது. இங்கே 30 ஆண்டுக்கு முந்தைய கனத்த முறையில் முகப்பு எழும்பியது. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போய் மாடி ஏறினால் புதுப் பாணி காத்திருக்கும். வெளியே தாத்தா காலம், உள்ளே பேரன் காலம். இந்த முரண்தான் வீட்டின் முக்கியமான சுவாரசியம்.

உள்ளே தவறவிடக் கூடாதது எது?

படிக்கட்டு. சந்தேகமே வேண்டாம்.

மஹோகனி மரத்தில் செய்த அகலமான படிக்கட்டு அது. கைப்பிடியையும் அதைத் தாங்கும் சிறு தூண்களையும் செதுக்கியவர் இக்னேஷியஸ் மெக்டோனா. ஒவ்வொரு தூணும் கனத்த செதுக்கலோடு நிற்கிறது. டப்ளினில் இவ்வளவு அடர்த்தியாகச் செதுக்கிய படிக்கட்டுக் கைப்பிடிகளின் கடைசித் தலைமுறை இது. இதற்குப் பிறகு மெல்லிய இரும்புக் கம்பிகள் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. தூணின் செதுக்கல் பள்ளங்களில் விரலை வைத்துப் பார்க்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். கடைக்குப் போகிற படிதானே.

கைப்பிடியைக் கவனியுங்கள். மேல் பக்கம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். பிரபுக்களின் கையுறை பட்டது கொஞ்சம். குமாஸ்தாக்கள், சரக்கு தூக்கியவர்கள், இப்போது வாடிக்கையாளர்கள் என்று மற்றவர்களின் கை பட்டதுதான் மிகுதி. மஹோகனி அக்காலத்தில் கரீபியன் தீவுகளிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தது. காட்டில் அதை வெட்டியவர்கள் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள். படியின் அழகைச் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

சுவரிலும் கூரையிலும் உள்ள சுதை வேலைப்பாடு எல்லாம் ஒருவர் செய்ததா?

இல்லை. இரண்டு கைகள் தெளிவாகத் தெரிகின்றன. பொறுமையாகப் பார்த்தால் நீங்களே பிரித்துச் சொல்லிவிடுவீர்கள்.

வாசல் கூடத்திலும் படிக்கட்டுச் சுவர்களிலும் வேலை செய்தவர் ஜேம்ஸ் மெக்கல்லா. அவருடையது பழைய முறை: ஈரச் சுதையைக் கையாலேயே அப்பி, கரண்டியால் இழுத்து, அது இறுகுவதற்குள் இலையும் கொடியுமாக வளைத்துவிடுவது. சுவரிலிருந்து புடைத்து நிற்கும் நெளிகொடிகள் இவை. ஒரு பக்கச் சுருள் மறுபக்கச் சுருளைப்போல் அச்சாக இருக்காது. கை எங்கே வேகமெடுத்தது, எங்கே தயங்கியது என்பதுகூட நிழலில் தெரியும்.

முதல் மாடி அறைகளின் கூரையைப் பார்த்தால் வேறொரு உலகம். அது மைக்கேல் ஸ்டேப்பிள்டன் செய்தது. வட்டங்கள், விசிறிகள், மெல்லிய மாலைகள், இடையிடையே பதக்கங்கள். எல்லாம் அளந்து வைத்தவை. பல துண்டுகள் அச்சில் வார்த்து எடுத்து ஒட்டியவை. புடைப்பு மிகக் குறைவு. கூரையில் கோலம் போட்டிருக்கிறார்கள் என்று நம்மவர்கள் சொல்லக்கூடும். இதுதான் ராபர்ட் ஆடமின் புதுப் பாணி, டப்ளின் வழக்கில். ஸ்டேப்பிள்டனின் வரைபடங்கள் பல அயர்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவருடைய கைவேலையை முழு வீச்சில் காண வேண்டுமானால் பெல்வெடியர் மாளிகைக்குப் போக வேண்டும். 1786இல் முடிந்த அந்த வீடு இப்போது பள்ளிக்கூடம். எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் படித்தது அங்கேதான்.

எது உயர்ந்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டேப்பிள்டன் வேலையில் குறை காண முடியாது. எனக்கு மெக்கல்லா. அச்சில் வராத கோடு கோடுதான்.

ஒரே வீட்டில், ஓரிரு ஆண்டு இடைவெளியில், ஒரு கைத்தொழில் இன்னொன்றுக்கு வழிவிட்டதை மாடிப்படி ஏறும் நேரத்தில் பார்த்துவிட முடிகிறது. இந்த வசதி டப்ளினில் வேறு எங்கே இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் என்று தெரியவில்லை. கதவு திறந்தே இருக்கிறது, டிக்கெட்டும் இல்லை.

முகப்பு கல்லாக இருக்கிறது. உள்முற்றத்தைச் சுற்றியுள்ள கட்டடங்கள் மட்டும் ஏன் செங்கல்?

அவை வேறு காலம், வேறு எசமானர், வேறு தேவை.

அயர்லாந்தைப் பிரிட்டனோடு சேர்க்க 1800ஆம் ஆண்டு நிறைவேறிய இணைப்புச் சட்டம் அயர்லாந்து நாடாளுமன்றத்தையே கலைத்துவிட்டது. 1801 ஜனவரி முதல் தேதியிலிருந்து எல்லாம் லண்டனில். பிரபுக்களுக்கு டப்ளினில் வேலை இல்லாமல் போயிற்று. வீடுகளுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. காலேஜ் கிரீனில் இருந்த நாடாளுமன்றக் கட்டடத்தை அயர்லாந்து வங்கி 1803இல் 40,000 பவுண்டுக்கு வாங்கியது. பவர்ஸ்கோர்ட் வீடு 1807இல் அரசின் கைக்குப் போய் முத்திரைத் தீர்வை அலுவலகமானது.

முத்திரைத் தீர்வை என்பது பத்திரம், ஒப்பந்தம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு எல்லாவற்றின் மேலும் முத்திரை குத்தி வசூலித்த வரி. அயர்லாந்தில் அது நடைமுறைக்கு வந்ததே 1774இல், அதாவது இந்த வீடு கட்டி முடிந்த ஆண்டில். வீடும் வரியும் ஒன்றாகப் பிறந்து 33 ஆண்டு கழித்துச் சேர்ந்துகொண்டன.

வரி அலுவலகம் என்றால் குமாஸ்தாக்கள், அச்சு எந்திரங்கள், காகிதக் கட்டுகள். நடனக்கூடத்தில் அவ்வளவையும் அடைக்க முடியாது. அரசின் பொதுப்பணிக் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் ஜான்ஸ்டன் பின்பக்கத்தில் மூன்று புறமும் செங்கல் கட்டடங்கள் எழுப்பி முற்றத்தை மூடினார். ஒரு கடிகாரமும் மணியும் வைத்தார். நாடாளுமன்றத்தை வங்கியாக மாற்றிக் கொடுத்தவரும் இதே ஜான்ஸ்டன்தான். டப்ளினின் புகழ்பெற்ற தலைமைத் தபால் நிலையமும் அவர் கட்டியது. பிரபுக்கள் காலி செய்துவிட்டுப் போன நகரத்தை அலுவலகங்களுக்கேற்ப ஒதுக்கிக் கொடுக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தச் செங்கல் கட்டடங்களில் அலங்காரம் எதுவும் இல்லை. ஜன்னல்கள் ஒரே சீராக, தேவைக்கேற்ற அளவில். கல் முகப்பைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இவற்றைக் கவனிக்காமலே போகிறார்கள். ஆனால் இன்று பெரும்பாலான கடைகள் இந்தச் செங்கல் பகுதியில்தான் இருக்கின்றன. இந்த மூன்று புறச் சுற்றுக்கட்டு இல்லையென்றால் இந்த இடம் கடைவளாகமாக மாறியிருக்க வழியே இல்லை.

பிறகு துணிக் கிடங்காக இருந்தது என்கிறார்களே?

ஆமாம். 1830களில் ஃபெரியர் பொல்லாக் என்ற மொத்த ஜவுளி வியாபார நிறுவனம் இதை வாங்கியது. நூறு ஆண்டுக்கும் மேலாக அவர்களிடமே இருந்தது. பிரபு குடும்பம் இந்த வீட்டை அனுபவித்தது சுமார் 30 ஆண்டு. ஜவுளிக்காரர்கள் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆனாலும் சுற்றுலாக் கையேடுகளில் பிரபுவுக்கு ஒரு பக்கம், ஜவுளிக்கு ஒரு வரி.

நான் ஜவுளிக்காரர்கள் பக்கம். ஸ்டேப்பிள்டனின் கூரைக்குக் கீழே துணி மூட்டைகளை அடுக்கினார்கள், உண்மை. ஆனால் கூரை ஒழுகினால் சரக்கு நாசமாகும் என்பதால் ஓட்டை உடனுக்குடன் அடைத்தார்கள். அறைகளைத் துண்டு போட்டு வாடகைக்கு விடவில்லை.

துண்டு போட்டு வாடகைக்கு விட்டிருந்தால்?

ஹென்ரியெட்டா தெருவுக்குப் போய்ப் பார்க்கலாம். டப்ளினின் மிகப் பழைய ஜார்ஜியத் தெரு அது. பிரபுக்கள் போன பின் வீடுகள் அறை அறையாக ஏழைக் குடும்பங்களுக்கு விடப்பட்டன. 14ஆம் எண் வீட்டில் மட்டும் 1911இல் சுமார் நூறு பேர் குடியிருந்தார்கள். அந்த வீடு 2018 முதல் அருங்காட்சியகம். பார்த்துவிட்டு வந்தால் இரவு தூக்கம் வராது.

எல்லா மாளிகைக்கும் ஒரே கதி நேர்ந்துவிடவில்லை. லெய்ன்ஸ்டர் மாளிகையை 1815இல் ராயல் டப்ளின் சங்கம் வாங்கியது. சார்ல்மான்ட் மாளிகை அரசு அலுவலகமாகி, 1933 முதல் நகர ஓவியக்கூடம். பொதுவாக, ஒரே உரிமையாளர் கையில் முழுசாக இருந்தவை பிழைத்தன. ஆனால் அதுவும் உத்தரவாதம் இல்லை. லோயர் ஃபிட்ஸ்வில்லியம் தெருவில் வரிசையாக இருந்த 16 ஜார்ஜிய வீடுகளை 1965இல் மின்வாரியம் தன் அலுவலகத்துக்காக இடித்தது. வீடுகள் ஒரே உரிமையாளரிடம்தான் இருந்தன. எதிர்ப்பும் பலமாகத்தான் இருந்தது.

கடைவளாகமாக மாறியது எப்போது?

1981இல். ஜேம்ஸ் டூமி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். முக்கிய மாற்றம் ஒன்றே: ஜான்ஸ்டனின் முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை. திறந்தவெளியாக இருந்தது அரங்கம்போல் ஆயிற்று. சுற்றிலும் மாடி நடைகள், நடுவில் காபி மேசைகள். முன்பு முற்றத்தை நோக்கி இருந்த ஜன்னல்களும் கதவுகளும் அப்படியே கடைவாசல்களாயின.

இந்தக் கூரையைப் பற்றி எனக்கு இரண்டு மனம். டப்ளின் மழையில் கூரை இல்லாத முற்றத்துக்கு எந்தக் கடைக்காரர் வாடகை கொடுப்பார்? அதை வைத்துத்தான் மற்ற அனைத்தும் பிழைத்தது. ஆனால் முற்றம் என்ற உணர்வு போய்விட்டது. சுவர் மீது நேராக விழ வேண்டிய வெளிச்சம் வடிகட்டி விழுகிறது. செங்கல்லில் ஈரமும் இல்லை, நிழலும் இல்லை. வெளிச்சுவராகப் பிறந்தது உட்சுவராக வேலை பார்க்கிறது. மேசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குத் தாங்கள் ஒரு வரி அலுவலகத்தின் கொல்லையில் இருக்கிறோம் என்பது தெரியாது.

கடைகள் பழைய அறைகளைக் கெடுத்துவிடாதா?

கெடுக்கலாம்; அதனால்தான் சட்டம். அயர்லாந்தின் 2000ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று பதிவானால் முகப்பு மட்டுமல்ல, உட்புறமும் சுற்றியுள்ள வளாகமும் பாதுகாப்புக்குள் வரும். கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் மாற்றம் எதற்கும் அனுமதி வேண்டும். முகப்பை மட்டும் விட்டு உள்ளே குடைந்தெடுக்கும் தந்திரம் இங்கே செல்லாது.

நடைமுறையில் பார்க்க வேண்டியது அலமாரிகளை. சுவரில் ஆணி அறையாமல் தரையில் தனியே நிற்கும் அலமாரி வைத்த கடைக்காரர் இடத்தை மதிக்கிறார் என்று பொருள். கூரை வேலைப்பாட்டின் மேல் விளக்கைத் திருப்பி வைத்தவர் அதைவிட ஒருபடி மேல். தாழ்ந்த போலிக் கூரை போட்டு மறைப்பவர்கள்தான் என் பரம எதிரிகள். பழைய கட்டடங்களில் கடை வைக்கும் எந்த ஊரிலும் அவர்கள் உண்டு. நல்ல வேளையாக, ஒரு நகையோ பழம்பொருளோ வாங்க வருபவர் சுற்றுமுற்றும் அழகாக இருப்பதை விரும்புகிறார். அதனால் வியாபாரமும் பாதுகாப்பும் இங்கே பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

சென்னையில் இதே காலத்துக் கட்டடங்கள் இருக்கின்றனவா?

பாணி கப்பலேறி வந்தது. 1802இல் ஜான் கோல்டிங்காம் கட்டிய ராஜாஜி மண்டபம், 1815இல் முடிந்த புனித ஜார்ஜ் பேராலயம் ஆகியவை அதே ஜார்ஜ் மன்னர்களின் காலத்தவை. ஆனால் தூணும் முகடும் ஒன்றுபோல் இருந்தாலும் பொருள் வேறு: இங்கே செங்கல் மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. நகர நடுவே பிரபு வீடு என்ற வகை இங்கே வளரவில்லை. வசதியுள்ள ஐரோப்பியர்கள் பெரிய தோட்டத்துக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு காற்றைத் தேடிப் போனார்கள்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?

பலர் கிராஃப்டன் தெருவிலிருந்து ஜான்சன்ஸ் கோர்ட் என்ற சந்து வழியாக வந்து, கிளாரண்டன் தெருப் பக்கமுள்ள பின்வாசலில் நுழைந்துவிடுகிறார்கள். நேரே கண்ணாடிக் கூரைக்கு அடியில் போய் நிற்பார்கள். ஒரு காபி குடித்துவிட்டு அதே வழியில் திரும்பிவிடுவார்கள். கல் முகப்பையும் படிக்கட்டையும் பார்க்காமலே ‘பவர்ஸ்கோர்ட் பார்த்தாயிற்று’ என்று சொல்பவர்கள் ஏராளம்.

முன்வாசல் வழியாகவே போங்கள். காசில் மார்க்கெட் சந்தில் ஐந்து நிமிடம், வாசல் கூடத்தில் ஐந்து நிமிடம். படியில் மெதுவாக ஏறுங்கள். இறங்கி ஒருமுறை மறுபடி ஏறினாலும் தப்பில்லை. முதல் மாடியில் எந்தக் கடையானாலும் முதலில் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்துவிட்டு, பிறகு விலைச்சீட்டைப் பாருங்கள். அதன்பின் முற்றத்துக்கு இறங்கி காபி. வெளியே வந்ததும் பக்கத்திலேயே 58ஆம் எண் கட்டடத்தையும் எட்டிப் பார்க்கலாம். ஓவியக் கலைஞர்கள் சங்கம் 1771இல் கட்டி முடித்த கண்காட்சிக் கூடம் அது. உள்ளே எண்கோண வடிவில் ஓர் அறை இருக்கிறது. ஜார்ஜியக் கட்டடங்களைக் காப்பதற்காக 1958இல் தொடங்கிய ஐரிஷ் ஜார்ஜிய சங்கத்தின் அலுவலகம் இப்போது அங்கேதான். எண்கோண அறை திறந்திருக்கும் நாளா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.